எர்த்சீ திரைக்கு வந்தபோது: உர்சுலா லெ குவின் படைப்புகளின் திரைத் தழுவல்கள் குறித்த ஒரு மதிப்பீடு

உர்சுலா கே. லெ குவின் (1929–2018) அமெரிக்க மிகுபுனைவு, அறிவியல் புனைகதை எழுத்தாளர். கலிஃபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரில் பிறந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியை ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்து நகரில் கழித்தார். தந்தை ஆல்ஃபிரட் க்ரோபர் புகழ்பெற்ற மானிடவியலாளர். தாய் தியோடோரா க்ரோபர், யாஹி என்னும் அமெரிக்கப் பழங்குடியின் கடைசி மனிதரான இஷியின் வாழ்க்கையை 1961-இல் நூலாக எழுதியவர். பிற இனங்கள், பிற மொழிகள், பிற வாழ்முறைகள் பற்றிய பேச்சு நிறைந்த வீட்டில் வளர்ந்தவர் என்பதை லெ குவினின் எழுத்தில் எங்கும் காணலாம்.

இவருடைய நூல்களிலிருந்து உருவான திரைப் படைப்புகளில் நான்கு முக்கியமானவை. 'தி லேத் ஆஃப் ஹெவன்' நாவல் 1980-இலும் 2002-இலும் தொலைக்காட்சிப் படமானது. 'எர்த்சீ' நூல்வரிசை 2004-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக் குறுந்தொடராகவும் 2006-இல் ஜப்பானிய அனிமேஷன் படமாகவும் வந்தது. இக்கட்டுரை இந்த நான்கையும் ஒப்பிட்டு மதிப்பிடுகிறது.

தழுவல்களைப் பற்றிப் பேசும்போது "நூலில் உள்ளபடி எடுத்தார்களா?" என்று கேட்பது வழக்கம். அது முழுமையான அளவுகோல் ஆகாது. ஊடகம் மாறினால் கதையும் மாறத்தான் செய்யும். எந்தத் திசையில் மாறியது என்பதே பயனுள்ள கேள்வி. லெ குவின் பழைய மிகுபுனைவு மரபிலிருந்து சிலவற்றை வேண்டுமென்றே விலக்கிவிட்டு எழுதினார். எர்த்சீயைத் திரைக்குக் கொண்டுவந்த இரு படைப்புகளும், அவர் விலக்கியவற்றையே தேடி எடுத்துத் திரும்பச் சேர்த்தன.

எர்த்சீ நூல்களின் தனித்தன்மை

எர்த்சீ என்பது கடலில் சிதறிக் கிடக்கும் எண்ணற்ற தீவுகளாலான கற்பனை உலகம். முதல் நாவலான 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' 1968-இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து 'தி டூம்ஸ் ஆஃப் அடுவான்' (1971), 'தி ஃபார்தஸ்ட் ஷோர்' (1972), 'தெஹானு' (1990) ஆகிய நாவல்களும், 2001-இல் 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ' என்ற கதைத்தொகுப்பும் 'தி அதர் விண்ட்' என்ற நாவலும் வந்தன. மூன்றாம் நாவல் 1973-இல் சிறுவர் நூல்களுக்கான அமெரிக்க தேசிய நூல் விருதைப் பெற்றது.

இந்த வரிசையில் மூன்று கூறுகள் அடிப்படையானவை. தழுவல்களை எடைபோட இவை மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.

முதலாவது, நிறம். நாயகன் 'கெட்' செம்பு கலந்த மாநிறத்தவன். அவனுடைய உற்ற நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு. தீவுகளில் வாழும் மக்களில் பெரும்பாலோர் பழுப்பு, செம்பழுப்பு, கறுப்பு நிறத்தவர்கள். வெளுத்த தோலும் பொன்னிற முடியும் கொண்டவர்கள் கிழக்கிலுள்ள கார்காத் நாட்டார். முதல் நாவலின் தொடக்கத்தில் படகேறி வந்து ஊரைக் கொள்ளையடிப்பவர்கள் அவர்கள்தாம். 1968-இல் ஆங்கில மிகுபுனைவு ஐரோப்பிய இடைக்காலத்தின் சாயலிலும் வெள்ளை நாயகர்களாலும் நிறைந்திருந்தது. லெ குவின் அதைத் தலைகீழாக்கினார். ஆனால் முதல் பக்கத்திலேயே அதை முழங்கவில்லை. வாசகர் அந்தச் சிறுவனோடு ஒன்றிப்போன பிறகே அவனுடைய நிறம் போகிறபோக்கில் தெரியவருகிறது. இது தற்செயலன்று, திட்டமிட்ட உத்தி என்று அவரே பின்னாளில் எழுதியுள்ளார்.

இரண்டாவது, எதிரி. முதல் நாவலில் இருண்ட அரசன் என்று யாரும் இல்லை. பெரும் படையும் போரும் இல்லை. மந்திரப் பள்ளி மாணவனான கெட், தன் திறமையைக் காட்டும் கர்வத்தில், செத்தவரின் ஆவியை அழைக்கிறான். அப்போது உருவமற்ற ஒரு நிழல் வெளியேறி அவனைத் துரத்துகிறது. பயந்து ஓடிய அவனிடம், திரும்பி நின்று அதை நீயே துரத்து என்று குரு ஓகியான் அறிவுறுத்துகிறார். கடைசியில் நிழலை எதிர்கொள்ளும்போது, அதன் பெயரும் தன் பெயரே என்று அவன் கண்டுகொள்கிறான். நிழல் கொல்லப்படுவதில்லை, ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

மூன்றாவது, பெயர். எர்த்சீயில் ஒவ்வொருவருக்கும் ஊரார் அழைக்கும் பெயர் ஒன்று, மெய்ப்பெயர் ஒன்று. மெய்ப்பெயரை அறிந்தவருக்கு அந்த ஆளின்மீது அதிகாரம் கிடைத்துவிடும். ஆகவே அது உயிரினும் மேலான இரகசியம். நாயகனை உலகம் 'ஸ்பாரோஹாக்' (வல்லூறு) என்றே அறியும். 'கெட்' என்பது அவனுடைய மெய்ப்பெயர். ஒருவர் தம் மெய்ப்பெயரை இன்னொருவரிடம் சொல்வதே இந்நூல்களில் நட்பின் உச்சம்.

தி லேத் ஆஃப் ஹெவன் (1980)

1971-இல் வெளிவந்த 'தி லேத் ஆஃப் ஹெவன்' எர்த்சீ வரிசையைச் சேர்ந்ததன்று. போர்ட்லாந்து நகரில் நடக்கும் இக்கதையின் நாயகன் ஜார்ஜ் ஓர். அவன் காணும் சில கனவுகள் உலகத்தையே மாற்றிவிடும். விழித்தெழும்போது, உலகம் என்றைக்கும் அப்படியே இருந்ததுபோல மற்றவர்களின் நினைவுகளும் மாறியிருக்கும். இந்த ஆற்றலைக் கண்டு அஞ்சும் அவனை மனநல மருத்துவர் ஹேபர் தம் பொறுப்பில் எடுத்து, உலகத்தைச் சீர்திருத்தும் கருவியாக்குகிறார்.

அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ்-க்காக நியூயார்க்கின் டபிள்யூஎன்இடி நிலையம் இதைத் தயாரித்தது. டேவிட் லாக்ஸ்டன், ஃப்ரெட் பார்ஸிக் இருவரும் இயக்கினர். புரூஸ் டேவிசன், கெவின் கான்வே, மார்கரெட் ஏவரி ஆகியோர் நடித்தனர். எதிர்கால நகரத்துக்கென அரங்கம் எழுப்பும் அளவுக்குப் பணமில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகரிலிருந்த புதுப்பாணிக் கட்டடங்களே எதிர்காலமாகின. லெ குவின் படத்தின் உருவாக்கத்தில் நேரடியாகப் பங்கேற்றார்.

எளிய படம்தான். சிறப்புக் காட்சிகள் இன்றைய கண்ணுக்கு விளையாட்டுப் பொருள்போலத் தெரியலாம். ஆனாலும் நூலின் கேள்வி சிதையாமல் இருக்கிறது. ஹேபர் கெட்டவர் அல்லர். நல்லது செய்ய வேண்டும் என்றே துடிப்பவர். மக்கள்தொகை நெருக்கடியைத் தீர்க்கச் சொன்னால் கனவு ஒரு கொள்ளைநோயை வரவழைத்து மனித குலத்தின் பெரும்பகுதியை அழிக்கிறது. உலக அமைதி வேண்டும் என்றால் வேற்றுலகத்தாரை வரவழைத்து மனிதர்களை ஒன்றுசேர வைக்கிறது. நிற வேற்றுமையை ஒழிக்கச் சொன்னால் எல்லாரையும் சாம்பல் நிறமாக்கிவிடுகிறது.

இந்தச் சாம்பல் நிறப் பகுதி கவனித்துப் பார்க்கத்தக்கது. ஜார்ஜ் விரும்பும் ஹெதர் நாவலில் கறுப்புத் தந்தைக்கும் வெள்ளைத் தாய்க்கும் பிறந்தவள். அவளுடைய நிறம் அவளுடைய குணத்தோடும் வரலாற்றோடும் பிணைந்தது. எல்லாரும் சாம்பலாகும் உலகத்தில் அவள் இருக்கவே முடியாது, மறைந்துபோகிறாள். நிறத்தை அழித்தால் வேற்றுமை ஒழியாது, மனிதர்தாம் ஒழிவார்கள் என்பது இதன் பொருள். 24 ஆண்டுகள் கழித்து இதே ஆசிரியரின் இன்னொரு கதையில் நிறம் அழிக்கப்படும் என்பதை நினைத்துப் பார்த்தால், இக்காட்சி முன்னறிவிப்புபோலத் தோன்றும்.

உரிமைச் சிக்கல்களால் இப்படம் பல ஆண்டுகள் மறுஒளிபரப்பாகாமல் கிடந்தது. படத்தில் பயன்பட்ட பீட்டில்ஸ் பாடலின் உரிமையும் அச்சிக்கல்களுள் ஒன்று. 2000-ஆம் ஆண்டில் வேறு பாடகர் பாடிய வடிவத்துடன் படம் மீண்டும் வெளிவந்தது.

2002-ஆம் ஆண்டு வடிவம்

ஏ அண்ட் ஈ தொலைக்காட்சி இதே நாவலை 2002-இல் மீண்டும் படமாக்கியது. பிலிப் ஹாஸ் இயக்கினார். ஜேம்ஸ் கான், லூகாஸ் ஹாஸ், லிசா போனே நடித்தனர். நடிகர்கள் பெயர் பெற்றவர்கள், படப்பிடிப்பும் மெருகானது. ஆனால் வேற்றுலகத்தார் கதையிலிருந்து நீக்கப்பட்டனர். நூலின் நிகழ்வுகளிலும் சிந்தனையிலும் பெரும்பகுதி கைவிடப்பட்டது. எஞ்சியது நாயகனின் சோகமும் ஒரு காதலும்தான். முந்தைய படத்தைப் பாராட்டிய லெ குவின் இதைப் பாராட்டவில்லை. பணமும் தொழில்நுட்பமும் கூடினால் தழுவல் தானாக மேம்படும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பதே போதும்.

எர்த்சீ குறுந்தொடர் (2004)

சை-ஃபை சேனல் 2004 டிசம்பரில் இரண்டு இரவுகளாக ஒளிபரப்பிய இக்குறுந்தொடர் முதல் இரண்டு நாவல்களையும் இணைத்து எடுக்கப்பட்டது. ராபர்ட் லீபர்மன் இயக்கினார், கவின் ஸ்காட் எழுதினார். நாயகனாக ஷான் ஆஷ்மோர், டெனாராக கிறிஸ்டின் க்ரூக், ஓகியானாக டேனி குளோவர், தார் என்னும் பூசாரிணியாக இசபெல்லா ரொசெலினி நடித்தனர்.

மேலே சொன்ன மூன்று கூறுகளையும் இத்தொடர் மாற்றியது.

நாயகன் வெள்ளையனானான், நண்பன் வெட்சும் வெள்ளையனானான். முதன்மைப் பாத்திரங்களில் டேனி குளோவர் ஒருவரே கறுப்பினத்தவர். நூலில் வெள்ளை நிறத்தவளாக வரும் டெனாரின் வேடத்துக்குத் தாய்வழியில் சீன வம்சாவளியைச் சேர்ந்த நடிகை தேர்ந்தெடுக்கப்பட்டார். அதாவது, நூலின் நிற அமைப்பை யாரும் கருத்தில் கொள்ளவே இல்லை. "திறமையான நடிகர் யாராக இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்கலாம். வெள்ளை நாயகர்கள் மலிந்த ஒரு கதைவகையில், அப்படி அல்லாத ஒரு நாயகனைத் தேடிப் பிடித்த வாசகச் சிறுவனிடம் கேட்டால் விடை கிடைக்கும். லெ குவினுக்கு அத்தகைய வாசகர்கள் பலர் கடிதம் எழுதியிருந்தனர். மிகுபுனைவு உலகத்தில் தங்களுக்கும் இடமுண்டு என்று உணர்த்திய முதல் நூல் அது என்று அவர்கள் தெரிவித்ததை அவர் குறிப்பிட்டுள்ளார். தொடர் ஒளிபரப்பான வாரத்திலேயே 'ஸ்லேட்' இணைய இதழில் கட்டுரை எழுதி, தம் உலகம் வெள்ளையடிக்கப்பட்டதாகக் கண்டித்தார்.

எதிரியும் மாறினான். டைகாத் என்னும் போர்வெறி கொண்ட அரசன் பெரிய வில்லனாக்கப்பட்டான். படையெடுப்பு, சூழ்ச்சி, விஷம், வாள்சண்டை என்று கதை நிறைந்தது. தன்னைத் தானே எதிர்கொள்ளும் ஒருவனின் கதை, உலகைக் காக்கும் வீரனின் கதையாயிற்று. இரண்டாம் நாவலில் கெட், டெனார் இருவருக்கும் இடையே மலர்வது நம்பிக்கை. பெயரற்ற தெய்வங்களுக்குக் குழந்தையிலேயே ஒப்படைக்கப்பட்டு, தன் சொந்தப் பெயரையும் இழந்த பெண், அந்தப் பெயரை மீட்டெடுக்கும் கதை அது. குறுந்தொடர் அதைக் காதலாகச் சுருக்கிவிட்டது.

பெயர்களோ இடம் மாறின. 'கெட்' ஊரார் அழைக்கும் பெயராகவும் 'ஸ்பாரோஹாக்' மெய்ப்பெயராகவும் ஆயின. சிறிய மாற்றம்போலத் தோன்றும் இது, நூல் முழுவதையும் தாங்கும் தூணை அசைக்கிறது. எல்லாரும் கூவி அழைக்கும் பெயரை நண்பனிடம் இரகசியமாகச் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

பெயர் உண்டு, குரல் இல்லை

இத்தொடரின் உருவாக்கத்தில் லெ குவினின் நிலை அறியத்தக்கது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படங்களின் திரைக்கதையில் பங்கேற்ற பிலிப்பா பாயன்ஸ் எழுதுவார் என்ற எதிர்பார்ப்பு தொடக்கத்தில் அவருக்கு நம்பிக்கை அளித்தது. அது நிகழவில்லை. ஒப்பந்தப்படி அவர் ஓர் 'ஆலோசகர்'. ஆலோசனை கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் தயாரிப்பாளருக்கு இல்லாததால், அந்தச் சொல்லுக்கு நடைமுறையில் மதிப்பில்லை. அவர் குறைகளைச் சுட்டிக்காட்டிய நேரத்தில் படப்பிடிப்புக்கான ஏற்பாடுகள் முடிந்திருந்தன.

அவர் பொதுவெளியில் பேசத் தொடங்கியது அதன் பிறகுதான். படம் நூல்களுக்கு நேர்மையாக இருப்பதாகவும், நூலாசிரியரின் உட்கருத்து இன்னதென்றும் இயக்குநர் ஓர் இதழில் கூறியிருந்தார். தம் கதையை மாற்றியதைவிடத் தம் நோக்கத்தைப் பிறர் எடுத்துரைத்ததே லெ குவினைப் பேச வைத்தது. தமக்கு இப்படத்தில் பங்கில்லை என்பதைத் தம் இணையதளத்தில் 2004 நவம்பரில் தெளிவாக எழுதினார். நூலை விற்றவர் பிறகு குறை சொல்லலாமா என்ற கேள்வி எழலாம். திரைப்பட உரிமையை விற்பது வேறு. தம் பெயரில் பிறர் பேசும் உரிமையை விற்பது வேறு. இரண்டாவதை அவர் விற்கவில்லை.

டேல்ஸ் ஃப்ரம் எர்த்சீ (2006)

ஜப்பானின் ஸ்டூடியோ கிப்லி தயாரித்த இப்படம் 2006 ஜூலை 29 அன்று ஜப்பானில் வெளியானது. நூல்வரிசையின் ஜப்பானிய மொழிபெயர்ப்புப் பெயரான 'கெடோ செங்கி' என்பதே படத்தின் மூலப் பெயர். இதற்குப் பின்னாலும் ஓர் ஏமாற்றம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்பே ஹயாவோ மியாசாகி எர்த்சீயைப் படமாக்க அனுமதி கேட்டிருந்தார். அவருடைய படங்களை அறியாத லெ குவின் அன்று மறுத்தார். பின்னர் 'மை நெய்பர் டொடோரோ' படத்தைப் பார்த்து, எர்த்சீயை எடுக்கத் தகுந்தவர் இவரே என்று முடிவு செய்தார். ஆனால் கடைசியில் படத்தை இயக்கியது ஹயாவோவின் மகன் கோரோ மியாசாகி. நிலத்தோட்ட வடிவமைப்பிலும் கிப்லி அருங்காட்சியகத்திலும் பணியாற்றிய கோரோவுக்கு இதுவே முதல் படம்.

படம் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் நாவல்களிலிருந்து கதையை எடுக்கிறது. உலகத்தில் சமநிலை குலைகிறது; மந்திரம் வலுவிழக்கிறது. இளவரசன் ஆரென், முதிர்ந்த மந்திரவாதியான கெட்டோடு பயணிக்கிறான். படத்தின் நல்ல பகுதிகளை முதலில் சொல்லிவிட வேண்டும். வானமும் மேகமும் பாழடைந்த நகரமும் அழகாக வரையப்பட்டுள்ளன. உழவு, ஆட்டுப்பட்டி, கிணறு என்று வரும் பண்ணைக் காட்சிகள் லெ குவினின் எழுத்துக்கு மிக அருகில் வருகின்றன. அன்றாட வேலையின் மதிப்பு என்பது 'தெஹானு' நாவலின் உயிர். சிறுமி தெர்ரு புல்வெளியில் தனித்துப் பாடும் இடம் மனத்தில் தங்குகிறது.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. படத்தின் தொடக்கத்திலேயே ஆரென் தன் தந்தையான அரசரைக் குத்திக் கொல்கிறான். நூலில் இது இல்லை; தந்தை அனுப்பியே அவன் பயணம் வருகிறான். இந்தக் கொலைக்குப் படம் சரியான காரணம் சொல்லவில்லை. முதல் நாவலின் நிழல் இங்கே ஆரெனுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. தன்னிலிருந்து பிரிந்த தன் பாதியால் பின்தொடரப்படும் இளைஞன் என்பது நல்ல கற்பனை. ஆனால் படம் இதை முழுமையாக வளர்க்காமல், கோப் என்னும் மந்திரவாதியின் கோட்டைக்கு ஓடிவிடுகிறது. அங்கே வாள் உருவப்படுகிறது. கோப் அழிகிறான், எல்லாம் சரியாகிவிடுகிறது.

மூன்றாம் நாவலின் முடிவு இதற்கு நேர்மாறு. சாவுக்கும் வாழ்வுக்கும் இடையே திறந்துவிடப்பட்ட கதவைக் கெட் தன் மந்திர ஆற்றல் அனைத்தையும் செலவழித்து மூடுகிறான். வென்றவன் வெறுங்கையனாகத் திரும்புகிறான். சாவுக்கு அஞ்சி அதை வெல்ல நினைப்பதே கேடு, அதன் விதை எல்லார் மனத்திலும் உண்டு என்பது நூலின் கருத்து. கேட்டை ஒரு வில்லனின் தலையில் ஏற்றி அவனைக் கொன்றுவிட்டால் மற்றவர்கள் தம்மைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை. லெ குவின் படத்தின்மீது வைத்த முக்கியமான குறையும் இதுவே. தெர்ருவின் தீக்காயமும் இப்படியே எளிதாக்கப்பட்டது. நூலில் ஒரு கண்ணையும் ஒரு கையின் பயனையும் இழந்த குழந்தை, படத்தில் முகத்தில் ஒரு தழும்போடு நின்றுவிடுகிறாள்.

படம் பார்த்த பின் லெ குவின் கோரோவிடம் மரியாதையுடன் பேசினார். அது தம் நூலன்று, கோரோவின் படம் என்பதே அவர் சொன்னதன் சாரம். அந்தத் தனிப்பேச்சு வெளியே பகிரப்பட்ட பிறகே விரிவான கருத்தை எழுதினார். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்திடம் இருந்த உரிமை காரணமாக இப்படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு 2010-இல்தான் வந்தது. தரம் குறைந்த ஒரு தழுவல் அடுத்த தழுவலின் வழியையும் சில ஆண்டுகள் அடைத்துக்கொண்டது.

திரைக்கு வில்லன் தேவையா?

இரு எர்த்சீ தழுவல்களுக்கும் சார்பாக ஒரு வாதம் உண்டு. உருவமில்லாத நிழலையும் மனத்துக்குள் நடக்கும் போராட்டத்தையும் திரையில் காட்டுவது கடினம். பார்வையாளருக்குக் கண்முன் ஓர் எதிரி வேண்டும் என்பர். கடினம் என்பது உண்மை. நூலில் மாதக்கணக்கில் நீளும் கடற்பயணத்தை இரண்டு இரவுத் தொடரில் அப்படியே வைக்க இயலாது.

ஆனால் இயலாத காரியம் அன்று என்பதை 1980-ஆம் ஆண்டுப் படமே காட்டுகிறது. அங்கும் போராட்டம் ஒருவன் தலைக்குள்தான் நடக்கிறது. எதிர்நிலையில் நிற்பவர் நல்லெண்ணம் கொண்ட மருத்துவர். அவரை யாரும் வாளால் வெட்டவில்லை. பிறர் கனவைத் தன் கையில் எடுக்க முயன்று தன் அறிவையே இழக்கிறார். ஆகவே வில்லன் இல்லாமலும் பார்வையாளரை உட்கார வைக்கலாம். அங்கே நூலாசிரியர் உடனிருந்தார், கேள்வி மாறவில்லை. பணம் குறைவு என்பது குறையாகவே இல்லை.

பிற முயற்சிகளும் ஆசிரியரின் கடைசிப் பணியும்

ஆர்வென் கரி இயக்கிய 'வேர்ல்ட்ஸ் ஆஃப் உர்சுலா கே. லெ குவின்' என்ற ஆவணப்படம் 2018-இல் வந்தது. எர்த்சீ காட்சிகளுக்கு அனிமேஷனைப் பயன்படுத்திய இப்படத்தில் லெ குவினே தம் எழுத்து வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறார்.

எர்த்சீ நூல்களின் அட்டைகளிலும் நாயகன் வெள்ளையனாகப் பலமுறை வரையப்பட்டதுண்டு. முதல் நாவல் வெளிவந்து 50 ஆண்டுகள் நிறைந்த 2018-இல், ஓவியர் சார்ல்ஸ் வெஸ்ஸின் படங்களுடன் முழுத் தொகுப்பு வெளியானது. லெ குவின் தம் கடைசி ஆண்டுகளில் ஓவியருடன் சேர்ந்து உழைத்து, ஒவ்வொரு படத்தையும் பார்த்துக் கருத்துச் சொன்னார். அவர் எழுதிய நிறத்தில் கெட் அந்தப் பக்கங்களில் இருக்கிறான். தொகுப்பு கைக்கு வருவதற்குள், 2018 ஜனவரி 22 அன்று அவர் காலமானார்.

மாணவர்களுக்கு

தழுவலைப் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்கள் முதலில் முதல் நாவலைப் படித்துவிட்டு 2004-ஆம் ஆண்டுத் தொடரின் முதல் பகுதியைப் பார்க்கலாம். பிறகு மூன்றாம், நான்காம் நாவல்களைப் படித்து 2006-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்க்கலாம். விடுபட்ட நிகழ்ச்சிகளைப் பட்டியலிடுவதோடு நிறுத்திவிட வேண்டாம். நாயகன் யாராக ஆக்கப்பட்டான், எதிரி எங்கே வைக்கப்பட்டான், கதை எதனால் முடிகிறது என்ற மூன்று கேள்விகளையும் இரண்டுக்கும் கேட்டு விடைகளை அருகருகே எழுதிப் பார்க்கவும். வேறு எந்த எழுத்தாளரின் நூல் திரைக்கு வந்தாலும் இதே மூன்று கேள்விகள் உதவும்.